மூணு நிமிஷம், ஐம்பது டாலர்

பெரிய ஹோட்டல் ஒன்றின் ஹால். நம்மூர் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவுக்கு இருக்கும். சுவரோரமாக வரிசையாகச் சின்னச் சின்ன மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் ஒருவர். கழுத்தில் பெயர் அட்டை, எதிரே தண்ணீர் பாட்டில், முகத்தில் காலையில் மாட்டிக்கொண்ட புன்னகை. கதவுக்கு வெளியே நூறு, நூற்றைம்பது பேர் க்யூவில் நிற்கிறார்கள். ரிட்டயர்டு வாத்தியார், வக்கீல், நர்ஸ், பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்த அம்மா. எல்லார் கையிலும் ஒரு சின்ன அட்டை. உதடு மட்டும் அசைகிறது. பிராக்டிகல் பரீட்சையில் வைவாவுக்கு நிற்கிற பிளஸ் டூ பசங்க மாதிரி எதையோ ஒப்பித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மணி அடிக்கிறது. திபுதிபுவென்று உள்ளே ஓடி ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பேசுகிறார்கள். மூன்று நிமிஷம். மறுபடி மணி. எழுந்திரு, அடுத்த மேஜை.

விற்பது என்ன என்கிறீர்களா? இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லை. நாவல். அஞ்சு வருஷம், எட்டு வருஷம் ராத்திரி தூக்கத்தைத் தொலைத்து எழுதிய நாவல். மேஜைக்குப் பின்னால் இருப்பவர் ஏஜெண்ட். இலக்கிய ஏஜெண்ட். இடம் அமெரிக்கா. நிகழ்ச்சியின் பெயர் எழுத்தாளர் மாநாடு. இந்த மூன்று நிமிஷப் பேச்சுக்குப் பெயர் 'பிட்ச்'.

நியூயார்க்கில் 'ரைட்டர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகை நடத்திய மாநாடுகளில் இதற்கு 'பிட்ச் ஸ்லாம்' என்று பெயர். தொண்ணூறு விநாடி நீங்கள் பேசவேண்டும், தொண்ணூறு விநாடி அவர் பேசுவார். சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் 'ஸ்பீட் டேட்டிங்' என்றே சொல்லிவிட்டார்கள். த்ரில்லர் எழுதுகிறவர்களுக்கென்று நியூயார்க்கில் தனியாக ஒரு 'பிட்ச்ஃபெஸ்ட்'. சில இடங்களில் கொஞ்சம் தாராளம். தனியறையில் பத்து நிமிஷம். பல இடங்களில் மாநாட்டுக் கட்டணம் தனி, பிட்ச்சுக்குத் தனி. ஒரு ஏஜெண்டுக்கு ஐம்பது டாலருக்கு முன்னே பின்னே. நாலு பேரைப் பார்க்கவேண்டுமா? நாலால் பெருக்கிக்கொள்ளவும்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் முதலில் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று தேடுகிற புத்தி. அந்தப் புத்தியோடு பார்த்தால், இது கனவு காண்கிறவனிடம் காசு வாங்கிக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை அவனுக்கே விற்கிற வியாபாரம். அதைத்தான் இந்த வாரம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஏஜெண்ட் என்கிற இனத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்தத் தொழில் தேவை. லண்டனில் ஏ.பி. வாட் என்பவர் 1870களின் கடைசியில் இதை ஒரு முழுநேரத் தொழிலாக ஆரம்பித்தார். கமிஷன் 10 சதவிகிதம். தாமஸ் ஹார்டி, கிப்ளிங், கானன் டாயில் எல்லாம் அவருடைய கட்சிக்காரர்கள். பதிப்பாளர்களுக்கு வயிற்றெரிச்சல். வில்லியம் ஹைன்மன் என்கிற பெரிய பதிப்பாளர் 1893ல், ஏஜெண்ட் என்பவன் ஒட்டுண்ணி என்கிற அர்த்தத்தில் பத்திரிகையில் எழுதித் தீர்த்தார். ஏன் இவ்வளவு ஆத்திரம்? அதுவரை எழுத்தாளன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வாட் வந்து, 'இருங்க சார், அமெரிக்க உரிமையை ஏன் இதில் சேர்த்தீங்க?' என்று கேட்க ஆரம்பித்தார்.

இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஏஜெண்ட் வேண்டும். கெட்டி அட்டைப் பதிப்பில் முதல் ஐயாயிரம் பிரதிக்கு 10 சதவிகிதம், அடுத்த ஐயாயிரத்துக்கு பன்னிரண்டரை, அதற்கு மேல் 15 என்று ராயல்டி படிக்கட்டு கட்டுவது, சினிமா உரிமையைத் தனியே எடுத்து வைப்பது, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பி வர வழி செய்வது, இதெல்லாம் கவிதை எழுதுகிற கைக்கு வராத காரியங்கள். நம் தமிழ் எழுத்தாளர்களைக் கேளுங்கள். இங்கே ஏஜெண்டும் இல்லை, பல பேருக்கு ஒப்பந்தமும் இல்லை. காபி டம்ளரைக் கீழே வைக்கும்போது முடிந்துவிடுகிற வாய்ப்பேச்சுதான். பிறகு வருஷக் கடைசியில் ராயல்டி கேட்டால் புத்தகக் கட்டு ஒன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள்.

ஆகவே ஏஜெண்ட் வாழ்க. இன்று அமெரிக்காவில் அவருடைய கமிஷன் 15 சதவிகிதம். வெளிநாட்டு உரிமை என்றால் பெரும்பாலும் 20. விற்றுக் கொடுத்தால்தான் அது. விற்கவில்லை என்றால் சல்லிக்காசு கிடையாது. இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான். எழுத்தாளன் ஜெயித்தால்தான் ஏஜெண்டுக்குச் சோறு. அதனால் நல்ல சரக்கைத் தேடிப் பிடிப்பார், சொத்தையைத் தொடமாட்டார். இரண்டு பேர் லாபமும் ஒரே திசையில் ஓடுகிறது. வணிகவியல் வகுப்பில் இதைவிடச் சுத்தமான ஒரு ஏஜென்ஸி ஒப்பந்தத்தை எனக்குக் காட்டியதில்லை.

இதில் விஷம் கலந்தது எப்போது என்றால், 'படித்துப் பார்ப்பதற்கே ஃபீஸ்' என்று சிலர் ஆரம்பித்தபோது. கென்டக்கியில் டோரதி டீரிங் என்று ஒரு பெண்மணி 1990களில் ஒரு ஏஜென்ஸி வைத்திருந்தார். புத்தகம் விற்பது அவருடைய தொழிலே அல்ல. கட்டணம் வாங்குவதுதான் தொழில். கடைசியில் போலீஸ், கோர்ட், ஜெயில். இந்த மாதிரி ஆட்களால் தொழிலுக்கே கெட்ட பெயர் என்றுதான், 1991ல் உருவான ஏஜெண்டுகள் சங்கம் (இப்போது அமெரிக்க இலக்கிய ஏஜெண்டுகள் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது) கறாராக ஒரு விதி வைத்திருக்கிறது. கைப்பிரதியைப் படிக்க உறுப்பினர்கள் காசு வாங்கக்கூடாது.

அருமையான விதி. கைதட்டலாம். ஆனால் படிக்கத்தான் காசு வாங்கக்கூடாது. படிக்காமல் இருக்க?

சிரிக்காதீர்கள். மாநாட்டு மேஜையில் நடப்பது அதுதான். ஏஜெண்ட் உங்கள் நாவலில் ஒரு பக்கத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் வாயால் சொல்வதைக் கேட்கிறார், அவ்வளவே. அதற்கு ஐம்பது டாலர். 'ஐயா, அந்தக் காசு ஏஜெண்ட் பைக்குப் போகவில்லையே, மாநாட்டு அமைப்பாளருக்குத்தானே போகிறது' என்பார்கள். சரி. ஏஜெண்டுக்கு விமான டிக்கெட் எடுத்தது யார்? ஹோட்டல் அறை போட்டது யார்? சில இடங்களில் கவரில் வைத்துக் கொடுக்கிற சன்மானம் எங்கிருந்து வந்தது? க்யூவில் நிற்கிறவன் பையிலிருந்து. நேராகக் கொடுத்தால் லஞ்சம், உண்டியல் வழியாகக் கொடுத்தால் காணிக்கையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் தோராயக் கணக்குதான், கூடக் குறைய இருக்கலாம். மாநாட்டுப் பதிவு 600 டாலர். மூன்று ராத்திரி ஹோட்டல் 600. விமானம் 300. நாலு பிட்ச் 200. ஆக 1700 டாலர். இப்போது வரவுப் பக்கம் வாருங்கள். அதிர்ஷ்டம் அடித்து, ஏஜெண்ட் கிடைத்து, பதிப்பாளரும் கிடைத்து, முதல் நாவலுக்கு 10,000 டாலர் முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்ட் 1500 எடுத்துக்கொள்வார். மீதியும் ஒரே செக்காக வராது. கையெழுத்தில் கொஞ்சம், பிரதி ஒப்படைத்ததும் கொஞ்சம், புத்தகம் வெளியானதும் கொஞ்சம். அதில் வரி வேறு. அதாவது, லாட்டரி விழுந்தவனே பரிசுப் பணத்தில் கணிசமான பங்கை டிக்கெட்டுக்குக் கொடுத்திருப்பான். விழாதவனைப் பற்றி என்ன சொல்ல? க்யூவில் நிற்பவர்களில் அநேகம் பேர் அவர்கள்தான். மாநாடு நடப்பதே அவர்கள் பணத்தில்தான். ஒரு தொழிலுக்கு, தோற்கிறவர்களிடமிருந்து நிச்சய வருமானமும் ஜெயிக்கிறவர்களிடமிருந்து சந்தேக வருமானமும் வருகிறது என்றால், அது எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், கோயமுத்தூர்க்காரர், டெக்சாஸில் ஆடிட் வேலை பார்க்கிறார். அந்தக்கால மில் ஸ்டிரைக் ஒன்றைப் பின்னணியாக வைத்து இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதியிருந்தார். எனக்கு முதல் மூன்று அத்தியாயம் அனுப்பினார். நன்றாகவே இருந்தது; மில் சங்கு ஊதுகிற இடத்தில் எனக்கே காது அடைத்தது. ஒரு மாநாட்டுக்குப் போய் நாலு ஏஜெண்டுகளிடம் பிட்ச் செய்துவிட்டு வந்து போன் பண்ணினார். குரலில் ஒரே குதூகலம். "நாலு பேரும் கேட்டிருக்காங்கண்ணா! ஐம்பது பக்கம் அனுப்பச் சொல்லிட்டாங்க!"

அனுப்பினார். இரண்டு பேரிடமிருந்து அச்சடித்த மாதிரி ஒரே வாசகம்: எங்களுக்குப் பொருத்தமாக இல்லை, வேறிடத்தில் வெற்றி பெற வாழ்த்துகள். மற்ற இரண்டு பேரிடமிருந்து அதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்து நான் விசாரித்தபோது, "எதுத்தாப்புல உக்காந்து சிரிச்சாங்கண்ணா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதில் ஏஜெண்டைத் திட்டி என்ன பிரயோஜனம்? யோசித்துப் பாருங்கள். எதிரே ஒரு மனுஷி, கைநடுங்க, எட்டு வருஷ உழைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். காசு வேறு கட்டியிருக்கிறார். முகத்துக்கு நேரே 'வேண்டாம்மா' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பெண் பார்க்கப் போன வீட்டில் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று சொல்வதில்லையா, அதேதான். 'முதல் ஐம்பது பக்கம் அனுப்புங்க' என்பது அந்த ஊர் லெட்டர் போடறோம்.

சரி, அந்த ஐம்பது பக்கத்தை மாநாட்டுக்குப் போகாமலே அனுப்ப முடியாதா? இங்கேதான் வயிறு எரிகிறது. தாராளமாக முடியும். பெரும்பாலான ஏஜென்ஸிகளின் வாசல் திறந்துதான் இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம், முன்னூறு வார்த்தைக்குள் நாவலைப் பற்றி, கூடவே முதல் பத்துப் பக்கமோ ஓர் அத்தியாயமோ. ஈமெயிலில் போடலாம். பைசா செலவில்லை. இதற்கு 'க்வெரி' என்று பெயர். நியூயார்க்கில் ஜேனட் ரீட் என்று ஓர் ஏஜெண்ட் இருந்தார், 2024ல் காலமானார். 'க்வெரி ஷார்க்' என்கிற பெயரில், முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய கடிதங்களை எல்லார் கண் முன்னாலும் வரி வரியாகக் கிழித்து, திருத்தி, மறுபடி எழுதவைத்துக் கற்றுக்கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. நேரில் உட்கார்ந்து பிட்ச் கேட்கும் வழக்கம் அவருக்கு அறவே பிடிக்காது. தொழிலுக்குள்ளேயே இருந்த, நாக்கில் சுருக்கென்று முள் உள்ள ஓர் ஆளே அப்படி நினைத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேத்ரின் ஸ்டாக்கெட் 'தி ஹெல்ப்' நாவலுக்கு ஏஜெண்ட் தேடியபோது அறுபது பேர் மறுத்தார்கள். அறுபத்தொன்றாவது ஆள் எடுத்துக்கொண்டார். 2009ல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்று, சினிமாவாகவும் வந்தது. அறுபத்தோரு கடிதத்துக்குத் தபால் தலைச் செலவைக் கூட்டிப் பாருங்கள். இதையே ஐம்பது டாலர் மேஜையில் செய்திருந்தால்? மூவாயிரத்து ஐம்பது டாலர். பாதி வழியிலேயே பேங்க் பாலன்ஸ் தீர்ந்து, அந்த அம்மாள் நாவலை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. இந்தப் பரீட்சையில் கேட்கிற கேள்வியே தப்பு. சமையல்காரனைத் தேர்ந்தெடுக்க, அவன் சாம்பாரைப் பற்றி எப்படிப் பேசுகிறான் என்று கேட்பீர்களா? ஒரு கரண்டி ஊற்றச் சொல்லி நாக்கில் வைத்துப் பார்ப்பீர்களா?

நாவல் என்பது வாக்கியத்தில் இருக்கிறது. நாவலாசிரியன் என்கிற ஜந்துவோ பெரும்பாலும் நாலு பேர் நடுவில் பேச வராததால் ஓரமாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தவன். ஜே.எம். கூட்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். புக்கர் பரிசு இரண்டு முறை வாங்கினார், 1983, 1999. இரண்டு முறையும் விழாவுக்கே போகவில்லை. அவரைக் கழுத்தில் அட்டையோடு இந்த மேஜையில் உட்காரவைத்து மணி அடித்தால் என்ன ஆகும்? தொண்ணூறு விநாடியும் மௌனம். நன்றி, அடுத்தவர் வரலாம்.

பிட்ச்சுக்கு இலக்கணமும் உண்டு. 'இது போன்ற இன்னொரு புத்தகம்' என்று இரண்டு பெயர் சொல்லவேண்டும். அதற்கு 'காம்ப்' என்று பெயர். சமீபத்தில், அதாவது கடந்த சில வருஷங்களுக்குள், நன்றாக விற்ற புத்தகமாக அவை இருக்கவேண்டும். இது சந்திக்கும் அது என்கிற பாணி. ஹாலிவுட்டிலிருந்து வந்த வியாதி. யாரைப் போலவும் இல்லாமல் எழுத முயற்சி செய்தவனிடம், நீ யாரைப் போல என்று சொல், அப்போதுதான் கேட்பேன் என்கிறார்கள். நம் கல்கி அந்த மேஜையில் உட்கார்ந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் கற்பனை செய்தேன். "சார், பொன்னியின் செல்வன்னு ஒரு கதை. அஞ்சு பாகம்." "அஞ்சு பாகமா? முதல் நாவலுக்கு லட்சம் வார்த்தைக்கு மேல் போனா பார்க்கறதில்லை. ஹீரோ யார்?" "வந்தியத்தேவன்." "அப்போ பொன்னியின் செல்வன்?" "அவர் ரெண்டாம் பாகத்துலதான் வருவார்." டிங்!

'நம்ம கோடம்பாக்கத்துலயும் இதுதானேய்யா நடக்குது, அசிஸ்டென்ட் டைரக்டர்கள் ஒன்லைன் சொல்லித்தானே படம் வாங்கறாங்க' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாஸ்தவம். ஆனால் அங்கே சொல்கிறவனுக்கு வேலையே நாளைக்கு இருநூறு பேரிடம் தன் மனசில் இருப்பதைச் சொல்லிப் புரியவைப்பதுதான். கேமராமேனுக்குச் சொல்லணும், ஹீரோவுக்குச் சொல்லணும், ஃபைனான்ஸியருக்கும் சொல்லணும். நாவலாசிரியனுக்கு அந்த அவசியம் இல்லை. அவனுக்கும் வாசகனுக்கும் நடுவே காகிதம் மட்டும்தான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. கதை கேட்க எந்த நேர்மையான தயாரிப்பாளரும் உதவி இயக்குநரிடம் காசு கேட்பதில்லை. சில ஆபீசில் டீயாவது வரும்.

ஹார்ப்பர் லீ கதை இந்த இடத்தில் ரொம்ப முக்கியம். 1956 கடைசியில், நியூயார்க்கில் ஏர்லைன்ஸ் டிக்கெட் கவுண்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், சில சிறுகதைகளோடு ஓர் ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போகிறார். மாரிஸ் க்ரெய்ன் என்கிற ஏஜெண்ட் கதைகளைப் படித்துவிட்டு, நாவல் எழுதிப் பாரேன் என்கிறார். அந்த கிறிஸ்துமஸுக்கு நண்பர் தம்பதி ஒரு வருஷச் செலவுக்குப் பணம் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு எழுது என்கிறார்கள். எழுதி எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். லிப்பின்காட் பதிப்பகத்தில் டே ஹோஹாஃப் என்கிற எடிட்டர் அந்தப் பிரதியைப் படித்து, இது இன்னும் நாவலாக ஆகவில்லை, ஆனால் எழுதத் தெரிந்தவள் எழுதியது என்று கண்டுபிடிக்கிறார். இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து திருத்தி, மாற்றி, 1960ல் வந்ததுதான் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. முதலில் கொடுத்த பிரதி எப்படி இருந்தது என்று 2015ல் 'கோ செட் எ வாட்ச்மேன்' என்று வெளியிட்டார்களே, அப்போது உலகமே பார்த்தது. வளர்ந்த பெண் ஊருக்குத் திரும்பி வந்து அப்பாவோடு மனஸ்தாபப்படுகிற கதை. அதை மூன்று நிமிஷத்தில் சொல்லச் சொன்னால் ஹார்ப்பர் லீ எதைச் சொல்லியிருப்பார்? அவருக்கே அப்போது தெரியாத புத்தகம் அது. படித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். படித்ததால் கண்டுபிடித்தார்கள்.

எதிர்க்கட்சிக்காரர் வாதத்தையும் வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. நேரில் போய் நின்றதால்தான் சில புத்தகங்கள் பிழைத்திருக்கின்றன என்பார்கள். அதற்கு ஜான் கென்னடி டூலைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 'எ கான்ஃபெடரஸி ஆஃப் டன்ஸஸ்' எழுதியவர். சைமன் அண்ட் ஷூஸ்டரில் இரண்டு வருஷம் கடிதப் போக்குவரத்து நடந்து, ஒன்றும் ஆகாமல் போய், 1969ல், 31 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவர் அம்மா தெல்மா விடவில்லை. ஏழு வருஷம் கழித்து, நியூ ஆர்லியன்ஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எழுத்தாளர் வாக்கர் பெர்ஸியைத் தொந்தரவு மேல் தொந்தரவு பண்ணி, அறைக்கே போய், மங்கிப்போன கார்பன் பிரதியை மேஜையில் வைத்துவிட்டார். 1980ல் லூசியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்டது. 1981ல் புலிட்சர் பரிசு.

பார்த்தீர்களா, நேரில் போனதால்தானே? கொஞ்சம் பொறுங்கள். அந்த அம்மாவின் பிட்ச் என்ன? 'செத்துப்போன என் பையன் ஒரு நாவல் எழுதியிருக்கிறான், பெரிய நாவல்.' உலகத்திலேயே இதைவிட மோசமான பிட்ச் இருக்க முடியாது. எந்த ஏஜெண்டும் இதைக் கேட்டால் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். பெர்ஸியும் மனசுக்குள் ஓடத்தான் பார்த்தார். சில பக்கம் படித்தால் போதும், மோசமாக இருக்கும், மனசாட்சி உறுத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம்பித்தான் ஆரம்பித்ததாக அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். கீழே வைக்க முடியவில்லை. தெல்மா அம்மாள் போராடி வாங்கியது பெர்ஸியின் காதை அல்ல, கண்ணை. இந்த மாநாட்டு மேஜையில் கிடைப்பது காது மட்டும்தான்.

ரௌலிங் விஷயமும் அப்படியே. டைரக்டரியில் பார்த்து, பெயர் பிடித்துப்போய், கிறிஸ்டோபர் லிட்டில் என்கிற ஏஜெண்டுக்கு லண்டனில் தபாலில் மூன்று அத்தியாயம் போட்டார். அந்த ஏஜென்ஸி குழந்தைகள் புத்தகமே எடுப்பதில்லை. திருப்பி அனுப்பவேண்டிய கூடைக்குப் போய்விட்ட கட்டை, ஆபீசில் வேலை பார்த்த பிரையனி எவன்ஸ் என்கிற பெண் எடுத்துப் படித்து, அசந்து போய், மிச்சத்தையும் வரவழைத்தார். அப்புறமும் பன்னிரண்டு பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். ப்ளூம்ஸ்பரி 1997ல் கெட்டி அட்டையில் அச்சடித்தது 500 பிரதி. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒரு பெண் பொறுமையாகப் பக்கத்தைப் புரட்டினாள், அவ்வளவுதான் நடந்தது.

இன்னும் ஒரு வாதம் பாக்கி. எழுத்தாளனே நாளைக்கு டி.வி.யில், மேடையில் தன் புத்தகத்தை விற்கவேண்டியவன்தானே, பேசத் தெரியவேண்டாமா? பாதி ஒத்துக்கொள்கிறேன். கதை அல்லாத புத்தகமாக இருந்தால். சர்க்கரை வியாதி பற்றி ஒரு டாக்டர் எழுதுகிறார் என்றால், விஷயம் என்ன, இவர் யார், யார் வாங்குவார்கள் என்று மூன்று நிமிஷத்தில் சொல்லிவிடலாம். அந்த ரகப் புத்தகங்களை எழுதி முடிக்காமலே திட்ட அறிக்கை வைத்துத்தான் விற்கிறார்கள். அங்கே பிட்ச் பொருத்தம். ஆனால் அந்த ஹாலுக்கு வெளியே க்யூவில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் இருப்பது நாவல்தானே என்பதுதான் என் சந்தேகம்.

மாநாடே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வெர்மாண்டில் பிரெட் லோஃப் என்கிற மாநாடு 1926லிருந்து நடக்கிறது. ராபர்ட் ஃப்ராஸ்ட் பல வருஷம் போய்வந்த இடம். அங்கே முக்கிய வேலை ஒருவர் பிரதியை இன்னொருவர் படித்து விவாதிப்பது. அதற்குக் காசு கொடுத்துப் போகலாம். சக எழுத்தாளன் ஒருவனைச் சந்திப்பதற்கும், வெற்றி பெற்ற ஆள் ஒருவர் தான் எழுதுகிற விதத்தைச் சொல்வதைக் கேட்பதற்கும் விலை உண்டு. கண்காட்சியில் நுழைவுக் கட்டணம் வாங்குவது தப்பில்லை. உள்ளே 'முதலாளியைப் பார்க்கணுமா, தனி டிக்கெட்' என்று கவுண்டர் போடுவதுதான் தப்பு.

இவ்வளவு கறாராக மூன்று நிமிஷத்தில் வடிகட்டி எடுக்கிறார்களே, அப்படி எடுத்த புத்தகமெல்லாம் ஓடுகிறதா? 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் கோர்ட்டில் ஒரு வழக்கு. பெங்குவின் ராண்டம் ஹவுஸ், சைமன் அண்ட் ஷூஸ்டரை வாங்கப் பார்த்தது. அமெரிக்க அரசாங்கம் தடுத்தது. அக்டோபர் 31ல் நீதிபதி ஃப்ளோரன்ஸ் பான் அந்த இணைப்பு கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அந்த விசாரணையில் ராண்டம் ஹவுஸின் அப்போதைய தலைவர் மார்க்கஸ் டோலே கூண்டில் ஏறிச் சொன்னது என்ன தெரியுமா? இந்தத் தொழிலில் எது ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, எல்லாம் குருட்டாம்போக்கு, எங்கள் கம்பெனிப் பெயரே அதனால்தான் ராண்டம் ஹவுஸ் என்கிற தோரணையில் பேசினார். (1927ல் பெயர் வைத்தவர்களும், கைக்கு வந்ததைப் போடுவோம் என்று விளையாட்டாகத்தான் வைத்தார்கள்.) உலகத்தின் மிகப் பெரிய பதிப்பகத்தின் தலைவருக்கே தெரியாது. ஆனால் க்யூவில் நிற்கிற நர்ஸ் மட்டும், என் புத்தகம் இன்னின்ன இரண்டு புத்தகம் மாதிரி ஓடும் என்று தொண்ணூறு விநாடியில் நிரூபிக்கவேண்டும்!

கொரோனா வந்த 2020ல் இந்தக் கூத்து நிற்கும் என்று பார்த்தேன். ஹோட்டல் ஹால் போய் ஜூம் வந்தது. மேஜை போனது, மணி போனது, தண்ணீர் பாட்டில் போனது. கட்டணம் மட்டும் பத்திரமாக இருந்தது. ஓர் ஆளை அவருடைய வீட்டு வரவேற்பறையிலிருந்து இன்னோர் ஆளின் வரவேற்பறைக்குக் கம்ப்யூட்டரில் காட்டுவதற்கும் காசு.

செய்யவேண்டியது கஷ்டமான காரியமும் அல்ல. ஏஜெண்டுகள் சங்கம் தன் விதியில் ஒரு வரி சேர்க்கட்டும்: எழுதுகிறவனிடம் தனியாகக் காசு வசூலித்து ஏற்பாடு செய்கிற எந்தச் சந்திப்பிலும் உறுப்பினர் உட்காரக்கூடாது. மாநாட்டுக்கு வந்த ஏஜெண்ட், பேச்சுக்குப் பதில் முதல் இரண்டு பக்கத்தை வாங்கி அங்கேயே படித்துவிட்டு, எந்த வரியில் தனக்கு ஆர்வம் போயிற்று என்று சொல்லட்டும். இரண்டு பக்கம் படிக்க மூன்று நிமிஷம் போதும். அந்த மூன்று நிமிஷம் எழுதுகிறவனுக்கு ஆயுசுக்கும் உதவும்.

நமக்கு எதற்கய்யா இந்த அமெரிக்கப் பஞ்சாயத்து என்று கேட்கலாம். 2023 ஜனவரியில் தமிழக அரசு முதல்முறையாகச் சென்னையில் சர்வதேசப் புத்தகக் காட்சி நடத்தியது. பல நாட்டுப் பதிப்பாளர்கள் வந்து மேஜை போட்டு உரிமை பேசினார்கள். தமிழிலிருந்து மொழிபெயர்க்க அரசு மானியம் அறிவித்தது. நல்ல காரியம். உரிமை, ஒப்பந்தம் என்கிற சொற்களெல்லாம் நம் எழுத்தாளர்கள் வாயிலும் புழங்க ஆரம்பித்துவிட்டன. இனி ஏஜெண்டுகளும் வருவார்கள், வரட்டும், அவர்கள் பின்னாலேயே இந்த மேஜையும் மணியும் கட்டாயம் வரும். நம்மாட்களைப் பற்றித்தான் தெரியுமே, 'உங்கள் நாவலை உலக அரங்கில்' என்று ஒரு ஃப்ளெக்ஸ் போதும்.

அப்படி யாராவது உங்களிடம் வந்து, "சார், ரெண்டாயிரம் ரூபாய் கட்டுங்க, பெரிய ஏஜெண்ட் ஒருத்தரோட அஞ்சு நிமிஷம் உட்காரவைக்கிறோம்" என்றால், மரியாதையாகவே ஒரு கேள்வி கேளுங்கள்: "அவர் ஈமெயில் ஐடி என்னங்க?"